60528: மேரிலாந்தின் உளவு விமான நினைவுக் காட்சி – ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஃபோர்ட் மீட் என்னும் இராணுவ வளாகத்தை ஒட்டி, தேசியப் பாதுகாப்பு முகமையின் மறையீட்டியல் அருங்காட்சியகம் உள்ளது. அதன் அருகே 1997 செப்டம்பர் 2 அன்று நேஷனல் விஜிலன்ஸ் பார்க் (தேசிய விழிப்புப் பூங்கா) என்ற பெயரில் ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. வால் பகுதியில் 60528 என்ற எண்ணைத் தாங்கிய சி-130 ரக விமானம் அதன் மையப் பொருளாக நிறுத்தப்பட்டது. 1958 செப்டம்பர் 2 அன்று சோவியத் ஆர்மீனியாவின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்ட உளவு விமானத்தையும் அதில் இறந்த 17 பேரையும் நினைவுகூர்வது இக்காட்சியின் நோக்கம்.

இந்தக் காட்சி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, வேறு நாடுகளில் உளவு விமானங்கள் காட்சிக்கு வைக்கப்பட்ட முறையிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பவற்றை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

நிகழ்வின் பின்னணி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒருவர் மீது ஒருவர் போர் தொடுக்கவில்லை. ஆனால் ஒருவரை ஒருவர் இடைவிடாமல் கண்காணித்தனர். செயற்கைக்கோள்கள் இல்லாத காலத்தில் எதிர்நாட்டின் ரேடார் எங்கே இருக்கிறது, அதன் விமானப்படை எந்த அலைவரிசையில் பேசுகிறது என்பதை அறிய எல்லையை ஒட்டிப் பறந்து காதால் கேட்பதே முக்கிய வழியாக இருந்தது. இவ்வாறு வானொலி, ரேடார் அலைகளைப் பிடித்துத் தகவல் திரட்டுவது 'சமிக்ஞை உளவு' எனப்படுகிறது. இதற்கு ஆயுதம் தேவையில்லை. நல்ல ஏற்பிகளும், ரஷ்ய மொழி அறிந்த இளைஞர்களும், பல மணி நேரம் பறக்கக்கூடிய பெரிய விமானமும் போதும். சரக்கு ஏற்றுவதற்காக வடிவமைக்கப்பட்ட சி-130 இதற்குப் பொருத்தமாக இருந்தது.

1958 செப்டம்பர் 2 அன்று துருக்கியின் அதானா நகருக்கு அருகிலுள்ள இன்சிர்லிக் விமானத் தளத்திலிருந்து அந்த விமானம் புறப்பட்டது. விமானத்தை இயக்க 6 பேர், கேட்டுப் பதிவு செய்ய 11 பேர் என மொத்தம் 17 பேர் அதில் இருந்தனர். கருங்கடல் கரையிலுள்ள டிராப்சோன் வரை சென்று, அங்கிருந்து வலப்புறம் திரும்பித் துருக்கியின் கிழக்கிலுள்ள வான் நகரை நோக்கிப் பறந்து, பின் வந்த வழியே திரும்ப வேண்டும் என்பது திட்டம். முழுப் பாதையும் துருக்கி எல்லைக்குள்ளேயே அமைந்திருந்தது. ஆனால் டிராப்சோனைக் கடந்த பின் விமானம் வழி தவறிக் கிழக்கே எல்லையைத் தாண்டியது. எல்லைக்கு அப்பால் இருந்த சோவியத் வழிகாட்டி வானொலி நிலையங்களின் அலைகளைத் துருக்கி நிலையத்தின் அலைகள் என விமானிகள் தவறாகக் கொண்டிருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

சோவியத் விமானப்படையின் நான்கு மிக்-17 போர் விமானங்கள் அதைத் தாக்கின. தலைநகர் யெரெவானுக்கு வடமேற்கே சுமார் 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாஸ்னஷேன் கிராமத்தின் அருகே விமானம் எரிந்து விழுந்தது. 17 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

மறைத்தலும் வெளிப்படுத்தலும்

இக்காட்சியை மதிப்பிட, நிகழ்வுக்குப் பின் நடந்தவற்றையும் அறிந்திருக்க வேண்டும். சோவியத் அரசு 1958 செப்டம்பர் 24 அன்று 6 உடல்களை ஒப்படைத்தது. விமானம் தானாக விழுந்தது என்ற பொருளில்தான் பேசியது. மீதி 11 பேரைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்றது. அமெரிக்க அரசும் விமானத்தின் உண்மைப் பணியைச் சொல்லவில்லை. பொதுவெளியில் அது ஒரு சாதாரண அறிவியல் ஆய்வுப் பறத்தல் போலவே குறிப்பிடப்பட்டது.

ஆனால் தாக்குதலின்போது சோவியத் விமானிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டதை அமெரிக்கக் கேட்பு நிலையம் பதிவு செய்திருந்தது. சோவியத் அரசு தொடர்ந்து மறுக்கவே, 1959 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவுத் துறை அந்த உரையாடலை வெளியிட்டது. இலக்கை நெருங்குவதும் சுடுவதும் அது தீப்பற்றி விழுவதும் அந்த உரையாடலில் வரிசையாக வருகின்றன. சோவியத் தரப்பு அதைப் போலி என்று ஒதுக்கியது.

இதில் ஒரு முரண் உண்டு. உளவுப் பணி என்று ஒப்புக்கொள்ளாத அரசு, உளவின் மூலம் கிடைத்த பதிவையே சான்றாகக் காட்ட வேண்டியிருந்தது. அதன் பிறகும் அந்த 11 பேர் உண்மையில் என்ன வேலை செய்தனர் என்பது பனிப்போர் முடியும்வரை வெளிப்படையாகப் பேசப்படவில்லை. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்த பின்னரே அமெரிக்கக் குழுவினர் சாஸ்னஷேனுக்குச் சென்று விழுந்த இடத்தைத் தோண்டிப் பார்க்க முடிந்தது. அங்கே கிடைத்த எச்சங்கள் 1998 செப்டம்பர் 2 அன்று ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டன. இறப்புக்கும் அடக்கத்துக்கும் இடையே சரியாக 40 ஆண்டுகள்.

காட்சியின் அமைப்பு

பூங்கா திறந்தவெளியில் அமைக்கப்பட்டது. நடுவே விமானம். அதைச் சூழ்ந்து அரைவட்டமாக 18 மரங்கள். ஒவ்வொரு மரமும் உளவுப் பறத்தலுடன் தொடர்புடைய ஒரு விமான வகையைக் குறித்தது. 1945 முதல் 1977 வரை 40க்கும் மேற்பட்ட அமெரிக்க உளவு விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டதாகத் தேசியப் பாதுகாப்பு முகமை குறிப்பிடுகிறது. ஆகவே மரங்கள் 60528ஐ ஒரு பெரிய வரிசையின் பகுதியாகக் காட்டின. பின்னர் இராணுவத்தின் வான்வழி உளவைக் குறிக்கும் ஆர்யு-8டி விமானமும், கடற்படையைக் குறிக்கும் இஏ-3பி விமானமும் பூங்காவில் சேர்க்கப்பட்டன. இஏ-3பி, 1987இல் மத்தியதரைக் கடலில் நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இறங்க முயன்றபோது விபத்துக்குள்ளாகி இறந்த 7 பேரை நினைவூட்டுகிறது.

நிறுத்தப்பட்ட சி-130, 1958இல் விழுந்த விமானம் அன்று. அது சாஸ்னஷேனில் எரிந்து சிதைந்துவிட்டது. அதே வகையைச் சேர்ந்த வேறொரு பழைய விமானத்தைச் சீர்செய்து, அன்றைய வண்ணத்தைப் பூசி, 60528 என்ற எண்ணை எழுதினர். இக்காட்சியைப் பற்றிய எந்த மதிப்பீடும் இந்த உண்மையிலிருந்தே தொடங்க வேண்டும்.

சிறப்புகள்

முதலாவது, காட்சி பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் வைக்கப்பட்டது. தேசியப் பாதுகாப்பு முகமையின் கட்டடத்துக்குள் 1996இல் கறுப்புக் கருங்கல்லாலான ஒரு நினைவுச் சுவர் நிறுவப்பட்டது. பணியில் இறந்தவர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. 'அவர்கள் மௌனமாகப் பணியாற்றினர்' என்ற பொருள்படும் வாசகம் அதன் உச்சியில் உள்ளது. ஆனால் காவல் நிறைந்த கட்டடத்துக்குள் இருப்பதால் எவரும் விரும்பியபோது சென்று அதைப் பார்க்க இயலாது. அடுத்த ஆண்டு வெளியே அமைக்கப்பட்ட பூங்கா அந்த நினைவைச் சுவருக்குள்ளிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தது. நாற்பதாண்டுக் காலம் பேசப்படாமல் இருந்த ஒன்றுக்கு இது சிறிய மாற்றமன்று.

இரண்டாவது, திறப்பு நாளின் தேர்வு. அரசு விழாக்களுக்கு வசதியான நாளைத் தேர்ந்தெடுப்பது எங்கும் வழக்கம். இங்கே நிகழ்வின் 39ஆம் நினைவு நாளே திறப்பு நாளானது. அதனால் பூங்கா ஒரு விமானக் கண்காட்சியாகத் தொடங்காமல், ஒரு துக்க நாளின் அடையாளமாகத் தொடங்கியது.

மூன்றாவது, அளவு. சி-130இன் இறக்கை நீளம் சுமார் 40 மீட்டர், உடல் நீளம் ஏறத்தாழ 30 மீட்டர். புத்தகத்தில் ஒரு வரியாகப் படிக்கும் மாணவருக்கு இதன் பருமன் தெரியாது. அதன் அருகில் நின்று பார்க்கும்போது, இவ்வளவு பெரிய, வேகம் குறைந்த, தற்காப்பு ஆயுதம் இல்லாத ஒன்று நான்கு ஜெட் போர் விமானங்களிடம் சிக்கினால் என்ன ஆகும் என்பது விளக்கமின்றியே புரியும்.

குறைகள்

முதற்குறை, முழுமையான விமானம் தரும் தோற்றம். விழுந்த விமானத்தின் நினைவாகச் சிதையாத, பளபளப்பாக வண்ணம் பூசிய விமானம் நிறுத்தப்பட்டது. முன்னறிவு இல்லாமல் வருபவர், 'இது பல உளவுப் பணிகளை முடித்துப் பத்திரமாகத் திரும்பி ஓய்வுபெற்ற விமானம்' என்று எண்ணுவதற்கே வாய்ப்பு அதிகம். நினைவிடம் சொல்ல வேண்டிய செய்தியோ இதற்கு நேர் எதிரானது. அந்த விமானம் திரும்பவில்லை. திரும்பாத ஒன்றைத் திரும்பிவந்தது போல நிறுத்துவதில் ஆறுதல் உண்டு. அந்த ஆறுதல் இழப்பின் கடுமையைக் குறைத்துவிடுகிறது என்பதையும் மறுக்க முடியாது.

இரண்டாவது குறை, எண் மாற்றம். விமானத்தின் வால் எண் ஒரு மனிதரின் பெயரைப் போன்றது. எந்த ஆண்டு வாங்கப்பட்டது, எங்கே பணியாற்றியது, என்ன ஆனது என்ற வரலாறு முழுவதும் அந்த எண்ணோடு ஒட்டியிருக்கும். வேறொரு விமானத்தின் மேல் 60528 என்று எழுதும்போது இரண்டு வரலாறுகள் கலக்கின்றன. ஒன்று பெருமை பெறுகிறது, மற்றொன்றின் சொந்த வரலாறு வண்ணத்துக்கு அடியில் மறைகிறது. மாற்று விமானம் வைப்பதே தவறு என்பதில்லை. நாடகத்தில் ஒருவர் மற்றொருவராக நடிப்பதைப் பார்வையாளர் அறிந்தே ஏற்கிறார். அவ்வாறு அறியச் செய்யும் பொறுப்பு காட்சி அமைப்பவருடையது. இத்தகைய காட்சியில் 'இது அது அன்று' என்பது பார்வையாளர் முதலில் அறிய வேண்டிய செய்தி. நினைவிடத்தின் வடிவமைப்பே அதைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாவது, பெயர். 'விழிப்பு' என்ற சொல் இறந்தவர்களின் கடமையைப் போற்றுகிறது. அதில் பிழையில்லை. ஆனால் 1958இல் நடந்தது விழிப்பின் கதை மட்டும் அன்று. வழி தவறியதன் கதையும், எச்சரித்துத் திருப்பி அனுப்பாமல் சுட்டதன் கதையும், இரு அரசுகளும் உண்மையை மறைத்ததன் கதையும் அதில் உண்டு. 'விழிப்பு' என்று ஒரு சொல்லில் அடைத்ததும் மற்ற மூன்றும் பின்னுக்குப் போய்விடுகின்றன. 'மௌனமாகப் பணியாற்றினர்' என்ற வாசகத்துக்கும் இதே கேள்வி பொருந்தும். பணியாளர்கள் மௌனம் காத்தது அவர்கள் ஏற்றுக்கொண்ட கடமை. குடும்பங்களுக்கு உண்மை சொல்லப்படாமல் இருந்த மௌனம் அவர்கள் தேர்ந்தெடுத்தது அன்று. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தும்போது இரண்டாவது மௌனமும் தியாகத்தின் பகுதி போலத் தோன்றிவிடுகிறது. நினைவிடத்தை அமைத்தது, அந்த மௌனத்தைக் கடைப்பிடித்த அமைப்புகளில் ஒன்றே என்பதால் இக்கேள்வி மேலும் கனமாகிறது.

நான்காவது, விரிவாக்கம். ஆர்யு-8டி, இஏ-3பி ஆகியவை சேர்ந்ததும் மூன்று படைகளுக்கும் உரிய இடம் கிடைத்தது. ஆனால் 17 பேரின் நினைவாகத் தொடங்கிய இடம் 'உளவுப் பறத்தல்' என்ற துறையின் நினைவாக மாறியது. போர்க்களத்தில் பயன்பட்ட விமானமும், எதிரி எவரும் சுடாமல் கப்பலில் இறங்கும்போது விபத்துக்குள்ளான விமானமும், அமைதிக் காலத்தில் சுடப்பட்ட விமானமும் ஒரே புல்வெளியில் நிற்கும்போது, ஒவ்வொன்றின் காரணமும் வேறு என்பது மங்குகிறது.

பிற காட்சிகளுடன் ஒப்பீடு

1960 மே 1 அன்று ஸ்வெர்த்லோவ்ஸ்க் அருகே சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க யு-2 உளவு விமானத்தின் சிதைவுகள் அதே ஆண்டு மாஸ்கோவின் கோர்க்கி பூங்காவில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. பின்னர் அவை மாஸ்கோவிலுள்ள ஆயுதப் படைகளின் மைய அருங்காட்சியகத்தில் இடம்பெற்றன. அது வானிலை ஆய்வு விமானம் என்று அமெரிக்கா முதலில் சொன்னதைப் பொய்யாக்கும் சான்றாக அந்தச் சிதைவுகள் பயன்பட்டன. மாஸ்கோவில் இருப்பது உண்மையான உலோகம். சிதைந்தது சிதைந்தபடியே கிடக்கிறது. ஆனால் அது வெற்றிப் பொருளாக வைக்கப்பட்டது. யு-2இன் விமானி உயிர் பிழைத்தவர் என்பதால் அங்கே துக்கத்துக்கு இடமும் இல்லை. ஃபோர்ட் மீட் காட்சியில் துக்கம் உண்டு, உண்மைப் பொருள் இல்லை. மாஸ்கோ காட்சியில் உண்மைப் பொருள் உண்டு, துக்கம் இல்லை.

மூன்றாவது வகை சாஸ்னஷேனிலேயே இருக்கிறது. 1993இல் விமானம் விழுந்த இடத்தின் அருகே ஆர்மீனிய மரபுப்படி ஒரு கச்கார் நிறுவப்பட்டது. கச்கார் என்பது நுண்ணிய வேலைப்பாடுகளுடன் சிலுவை செதுக்கிய கல். ஆர்மீனியர் இறந்தோர் நினைவாகவும் நேர்த்தியாகவும் பல நூற்றாண்டுகளாக இத்தகைய கற்களை நட்டு வருகின்றனர். அந்தக் கிராமத்தாருக்கு இறந்தவர்கள் யாரும் உறவில்லை. மொழி வேறு. அன்றைய அரசின் பார்வையில் அவர்கள் எல்லை மீறிய எதிரிகள். இருந்தும் தம் மண்ணில் விழுந்தவர்களுக்குத் தம் முன்னோர் செய்த முறையில் கல் நட்டனர். அதில் விமானம் இல்லை, எண்ணைப் பற்றிய குழப்பமும் இல்லை. இடம் மட்டுமே சான்று. மூன்று காட்சிகளிலும் செலவில் மிகக் குறைந்ததும், நிகழ்வுக்கு மிக அருகில் நிற்பதும் இந்தக் கல்லே. மேரிலாந்துக் காட்சியில் இந்தக் கிராமத்துக்கும் அதன் மக்களுக்கும் உரிய இடம் கிடைத்திருந்தால், ஒரு அமைப்பின் நினைவு என்ற எல்லையை அது கடந்திருக்கும்.

தமிழ்நாட்டுடன் தொடர்புடைய உளவு விமானக் காட்சி ஒன்றும் ஒப்பிடத் தக்கது. இந்தியக் கடற்படையின் டியு-142 ரக நெடுந்தூரக் கடல் உளவு விமானங்கள் அரக்கோணத்திலுள்ள ஐஎன்எஸ் ராஜாளி தளத்திலிருந்து இயங்கி, 29 ஆண்டுப் பணிக்குப் பின் 2017 மார்ச் 29 அன்று அங்கேயே ஓய்வு பெற்றன. அவற்றுள் ஒன்று விசாகப்பட்டினத்தின் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக்கப்பட்டு, 2017 டிசம்பரில் அன்றைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்தால் திறக்கப்பட்டது. அது பணியாற்றிய அதே விமானம். பார்வையாளர் உள்ளே ஏறியும் பார்க்கலாம். பத்திரமாகத் திரும்பிய விமானத்தை முழுமையாக நிறுத்துவதில் பொருளும் வடிவமும் ஒத்துப்போகின்றன. இதே வடிவத்தைத் திரும்பாத விமானத்துக்குப் பயன்படுத்தியதே ஃபோர்ட் மீட் காட்சியின் சிக்கல்.

மாணவர் கவனத்துக்கு

போர்க்கருவிகளின் காட்சி எதைப் பார்த்தாலும் மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகலாம். இது நிகழ்வில் இருந்த அதே பொருளா, மாற்றா? இதை வைத்தவர் யார், அவருக்கு அந்த நிகழ்வில் என்ன பங்கு? அங்கே பேசப்படாதவர் யார்? 60528 காட்சிக்கு இவற்றின் விடைகள்: மாற்று, வைத்தவர் நிகழ்வை நீண்டகாலம் மறைத்த தரப்பைச் சேர்ந்தவர், அங்கே அதிகம் பேசப்படாதவர் காத்திருந்த குடும்பத்தாரும் கண்டு நின்ற கிராமத்தாரும்.

மதிப்பீடு

இக்குறைகள் காட்சியைப் பயனற்றதாக்கவில்லை. இறந்த 17 பேரும் எதற்காக அங்கே பறந்தனர் என்பதை அவர்களின் நாடு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட இடங்களுள் இது முக்கியமானது. 1958இல் ஆய்வுப் பறத்தல் என்று சொல்லப்பட்டதை, 1997இல் உளவுப் பறத்தல் என்று பெயர் சொல்லி அழைத்தது. ஓர் அரசு தன் பழைய கூற்றைப் பொதுவெளியில் திருத்திக்கொள்வது எளிதில் நடப்பதன்று. அந்த வகையில் பூங்காவின் வரலாற்று மதிப்பு உயர்ந்தது.

ஆனால் அத்திருத்தம் பாதியில் நிற்கிறது. பணி என்ன என்பதைச் சொன்ன நினைவிடம், அது ஏன் இத்தனை ஆண்டுகள் சொல்லப்படவில்லை என்ற கேள்விக்குள் போகவில்லை. 60528இன் முழுக் கதையை அறிய விரும்புபவர், விமானம் நிறுத்தப்பட்ட ஃபோர்ட் மீட், எச்சங்கள் அடக்கம் செய்யப்பட்ட ஆர்லிங்டன், கல் நடப்பட்ட சாஸ்னஷேன் ஆகிய மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதலாவது பணியையும், இரண்டாவது இழப்பையும், மூன்றாவது நிகழ்ந்த இடத்தையும் சொல்கின்றன.